கழற்றி மாட்டும் பிளஸ் மேஸ்: ஸ்டாண்ட் அருமை, தளம்தான் சரியில்லை

பூச்சாறு பதற்றத்தைத் தணிக்கிறதா என்று பார்க்கும் லேபில் பிளஸ் மேஸ் இல்லாமல் வேலை நகராது. நாங்கள் வாங்கியது சுண்டெலிக்கான அக்ரிலிக் மாடல். கேமோமைல், பேஷன் ஃப்ளவர் சாறுகளை இதில்தான் சோதித்தோம்.

தரையிலிருந்து உயரத்தில், ஸ்டாண்டின் மேல் நிற்கும் மேடை இது. கூட்டல் குறி போல நான்கு கைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவை. நடுவில் விட்டால் சுண்டெலி சுவருக்குள்தான் ஓடும். பயம் தணிந்தால் திறந்த கைக்கும் வரும். 1985-ல் பெல்லோ குழுவினர் எலிகளில் சரிபார்த்த முறை இது. 1987-ல் லிஸ்டர் சுண்டெலிக்குக் கொண்டுவந்தார். 5 நிமிஷம் போதும். பட்டினி போட வேண்டாம், ஷாக் கொடுக்க வேண்டாம். எனக்கு இது பிடித்ததே அதனால்தான்.

ஸ்டாண்டுக்கு முழு மார்க். சுண்டெலி திறந்த கையின் நுனிவரை போய், உடம்பை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும்போதும் துளிகூட ஆடவில்லை. ஆடினால் அந்தப் பயமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

தளம்தான் வருத்தம். முந்தைய சுண்டெலியின் மூத்திர வாடை போக ஒவ்வொரு முறையும் எத்தனால் போட்டுத் துடைக்கிறோம். அக்ரிலிக்குக்கு எத்தனால் ஆகாது. மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டுவிட்டது. அதில் வாடை தங்கி, அடுத்த சுண்டெலி அங்கேயே நின்று மோப்பம் பிடிக்கிறது. விலங்குச் சோதனைக்கென்றே கருவி செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

கூடவே வரும் சாஃப்ட்வேர் திறந்த கையில் இருந்த நேரத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. மொத்த நடமாட்டம் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மூலிகை வேலைக்கு இது சரிப்படாது. சாறு குடித்த சுண்டெலி மந்தமாகி, திறந்த கையிலேயே உட்கார்ந்துவிட்டால்? அது தூக்க மயக்கம், பதற்றம் தணிந்ததற்கு அத்தாட்சி இல்லை. நடமாட்டம் குறைந்ததா என்று தெரிய, சுவருள்ள கைக்குள் எத்தனை முறை போனது என்பதையும் பாருங்கள். பதற்றம் தணிக்கும் மருந்தான டயஸெபாம் கொடுத்த குழுவும், சாறு கலக்காத வெறும் கரைப்பான் கொடுத்த குழுவும் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பூவுக்கும் சான்றிதழ் தராதீர்கள்.

கையேட்டில் விட்டுப்போன ஒன்று: ஒருமுறை ஏற்றிய சுண்டெலியை மறுபடி ஏற்றக்கூடாது. இரண்டாம் தடவை டயஸெபாமே எடுபடாமல் போகும்.

வாங்குவதென்றால் தளத்தை மட்டும் எத்தனால் தாங்கும் பொருளில் கேளுங்கள். கறுப்புச் சுண்டெலி வைத்திருப்பவர்கள் வெளிர் நிறமாகப் பார்த்து எடுங்கள். கருந்தளத்தில் கேமராவுக்கு அது தெரியாது.