பாப்-அப் கேம்பரா, கெட்டிச்சுவர் டிரெய்லரா?

டென்ட் போதும் போதும் என்றாகி, தரையில் படுத்தால் முதுகு மன்னிக்காது என்ற கட்டத்துக்கு வந்தவர்களுக்கு அடுத்து இரண்டு வழி: காருக்குப் பின்னால் மடித்து இழுத்துப் போய், இடம் சேர்ந்ததும் கூரையைத் தூக்கி கேன்வாஸ் துணிச்சுவரோடு விரிக்கும் பாப்-அப் கேம்பர், அல்லது மடிக்காத கெட்டியான சுவர் கொண்ட 16 அடி அளவிலான கெட்டிச்சுவர் டிரெய்லர். மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளைச் சுற்றுவதற்காக நாங்கள் வாங்கியது பாப்-அப். அந்தப் பக்கம்தான் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எடையில் பெரிய விவாதம் இல்லை. டொயோட்டா சியன்னா மினிவேனின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு. சிறிய பாப்-அப் 2,000 பவுண்டுக்குள் அடங்கிவிடும். கெட்டிச்சுவர் பல மாடல்களில் காலியாகவே 3,000-ஐத் தொடும். தண்ணீரும் சாமானும் ஏற்றினால் வண்டியையே மாற்ற வேண்டிவரும். மடித்த பாப்-அப் சுமார் 5 அடி உயரம், 7 அடி கராஜ் கதவுக்குள் நுழைந்துவிடும். கூரையில் ஏ.சி. இருந்தால் மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

சௌகரியத்தில் கெட்டிச்சுவருக்கே வெற்றி. போய் நிறுத்தியதும் படுக்கலாம். பாப்-அப்பில் மட்டம் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மூலை ஜாக்குகளை இறக்கி, கைப்பிடியைச் சுற்றிக் கூரையைத் தூக்கி, இரண்டு பக்கக் கட்டில்களையும் இழுத்து விடுவதற்குள் அரைமணி ஓடிவிடும். துணிச்சுவர் என்பதால் பக்கத்து சைட் (முகாம் இடம்) குறட்டையும் இலவசம். தாளிப்பை வெளியே பிக்னிக் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் அந்த வாசனையை லேசில் விடாது.

என்னைக் கேட்டால், முடிவு செய்ய வேண்டியது ஈரத்தை வைத்துத்தான். இங்கே சைட்டை 6 மாதம் முன்பே பிடிக்கிறோம். வானிலை பார்த்தா பிடிக்க முடியும்? என்றாவது ஒரு ஞாயிறு மழையிலேயே மூட்டை கட்டத்தான் வேண்டும். ஒருவர் கூரையை இறக்க, இன்னொருவர் சுற்றி வந்து நனைந்த கேன்வாஸை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் சிக்கினால் கிழிசல். ஈரத்துணி நேராக மெத்தைமேல் விழும் என்பதால் மூடுவதற்கு முன் மெத்தைமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. வீடு வந்ததும், மிஞ்சினால் மறுநாள், முழுக்க விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். கோடைப் புழுக்கத்தில் அப்படியே விட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறை முழுசாகப் போகாது. விரிக்க ஏறத்தாழ 20 அடி டிரைவ்வே வேண்டும், எச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) ஒரு நாளாவது கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அபார்ட்மென்ட்வாசிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே பாப்-அப்பை மறந்துவிடலாம்.

சரி, கெட்டிச்சுவரில் ஈரமே இல்லையா? உண்டு, கண்ணில் படாது. கூரை விளிம்பிலும் ஜன்னல் ஓரத்திலும் உள்ள சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வெடித்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பல டிரெய்லர்களில் உள்சட்டம் மரம். உளுத்துப்போனது வெளியே தெரியும்போது செலவு கைமீறியிருக்கும். பழையது பார்க்கப் போனால் உள்மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். பாப்-அப் கூரைக்கும் சீலன்ட் பராமரிப்பு உண்டுதான். ஆனால் அதன் துணிச்சுவர் நனைந்தால் தொட்டாலே தெரியும், வெயில் பட்டால் சரியாகும், ரொம்பப் போனால் கேன்வாஸை மட்டும் மாற்றலாம். காயவைப்பது ஒரு மாலைப்பொழுது வேலைதானே என்று பாப்-அப்பையே தேர்ந்தெடுத்தோம்.

உறைபனிக் குளிரில் நாங்கள் தங்கியதில்லை. அக்டோபர் கடைசியில் கிளம்புகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். யெல்லோஸ்டோன் போகிறவர்களும் கவனியுங்கள்: அங்குள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டிச்சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். அந்தப் பயணத்துக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்.