5 கிலோ கோகோபீட் கட்டி: மாடித்தோட்டத்துக்கு எது தேறும்?

தேங்காய் நார்த் தூளை அழுத்திச் செய்த இந்தக் கட்டியை வாங்கலாம். ஆனால் உறையில் 'கழுவியது' அல்லது 'லோ ஈசி' (உப்பு குறைந்தது) என்று போட்டிருந்தால் மட்டும். கழுவாத கட்டி விலை குறைவுதான். மிச்சம் பிடித்த காசை அலசுகிற தண்ணீரே விழுங்கிவிடும்.

பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் கட்டிகள்தான் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அகலமான டப்பில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உப்பி ஏறத்தாழ 70 லிட்டர் வரும். 12க்கு 12 அங்குல க்ரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பை) சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கோகோபீட் என்றால் பத்துப் பைக்கு ஒரு கட்டி சரியாக இருக்கும். மீதி இரண்டு பங்கு செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம்.

கழுவாத கட்டியில் சிக்கல் உப்புதான். பொட்டாசியமும் சோடியமும் நாரில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீரை நாற்றின் இலை நுனி கருகும். தக்காளிக்குப் போடுகிற கால்சியத்தை நார் பிடித்துவைத்துக்கொள்ளும்; காயின் அடி கறுத்து அழுகும். பிறகு மருந்தடித்துப் பயனில்லை. ஊறிய தூளை ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள்: டீ டிகாஷன் மாதிரி அடர்பழுப்பாக ஒழுகினால் இன்னும் அலச வேண்டும். நிறம் உப்பைச் சொல்லாது என்பதும் உண்மை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பிழிந்த தண்ணீரையும் ஊற்றிய தண்ணீரையும் ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கும்வரை அலசுங்கள். தக்காளி, மிளகாய்க்கு என்றால் கடைசியாக 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் ஊறவிட்டு வடித்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் இதன் அருமை தெரியும். மண் மட்டும் நிரப்பிய பை மாலைக்குள் வறண்டுவிடும். இதில் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அதனாலேயே விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அதே குணம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரை அழுகவைக்கும். மழைக்கு முன் நிரப்பும் பைகளில் கோகோபீட்டைக் கால் பங்காகக் குறைத்து, குறைத்த அளவுக்குக் கரடுமுரடான ஆற்று மணலோ கருக்கிய உமியோ சேருங்கள். அடித்துளைகள் அடைபடாமல் பாருங்கள். தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வைத்தால் வேரழுகல் கொஞ்சம் கட்டுப்படும்.

இது உரம் அல்ல. தனியாக நிரப்பி நட்டால் இலை வெளுத்துச் செடி அப்படியே நிற்கும். நாற்றுத் தட்டுக்கு அருமை: இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் போதும். அடினியம், கற்றாழைத் தொட்டிகளில் போடவே வேண்டாம்.

650 கிராம் சின்னக் கட்டிக்குக் கிலோ கணக்கில் பார்த்தால் விலை கூடுதல். நாலைந்து நாற்றுத் தட்டு மட்டும் வைப்பவர்களுக்கு அது போதும்.