பி.எம். சூர்ய கர் வழியே வீட்டு சோலார்: இணையதளத்துக்கு நல்ல மதிப்பெண், மாடிப் பரிசோதனைக்குக் குறைவு

வீட்டு மாடியில் சோலார் போட நினைக்கும் எவருக்கும் இன்றைக்கு முதல் வாசல், 2024 பிப்ரவரியில் தொடங்கிய, வீட்டு சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம்தான். விண்ணப்பம், மின்வாரிய ஒப்புதல், வெண்டர் (சோலார் பொருத்தித் தருபவர்) தேர்வு, நெட் மீட்டர் (வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியாக அளக்கும் இருவழி மீட்டர்), மானியம் என்று எல்லாம் ஒரே இணையதளத்தில் நடக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது, எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். காகித வேலையை இது உண்மையிலேயே எளிதாக்கியிருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய பொருளை விதிப்படி பொருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு, பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

இணையதளத்தில் பதிவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். முதலாவது, இ.பி. கார்டில் உள்ள பெயர். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியும் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். விண்ணப்பதாரர் பெயர், மின் இணைப்பின் பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், பேனல் ஓடிக்கொண்டிருக்கும், மானியம் மட்டும் நிற்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட மின்சுமை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 விதிப்படி, சோலாரின் திறன் இந்தச் சுமையைத் தாண்டக் கூடாது. கார்டில் 2 கிலோவாட் என்று இருக்க, வெண்டர் 3 கிலோவாட்டுக்கு விலை சொன்னால், சுமையையும் உயர்த்த வேண்டியிருக்கும். இந்தச் செலவு வெண்டரின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

ஒப்புதல் கட்டம் இப்போது வேகமாகிவிட்டது. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தனியாகத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை, தெருவில் உள்ள மின்கட்டமைப்பை வலுப்படுத்த வேண்டியிருந்தாலும் அந்தச் செலவு மின் விநியோக நிறுவனத்துடையது. "டிரான்ஸ்பார்மர் பத்தாது, அதுக்குத் தனியா கட்டணும்" என்று வெண்டர் யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

மானியக் கணக்கு எளிதானதுதான்: முதல் 2 கிலோவாட்டில் ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, அதிகபட்சம் 78,000. ஆனால் இது வெண்டர் சொல்லும் திறனுக்குக் கிடைப்பதல்ல. மொத்தப் பேனல் திறன், இன்வெர்ட்டர் (பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் கருவி) திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 540 வாட் பேனல் ஐந்து போட்டு "3 கிலோவாட் சிஸ்டம்" என்று விற்றால் உண்மையில் அது 2.7 கிலோவாட், மானியம் 72,600. ஆறாவது பேனல் போட்டு இன்வெர்ட்டரும் 3 கிலோவாட்டாக இருந்தால்தான் முழு 78,000 வரும். விலைப்பட்டியலில் 'கிலோவாட்' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். பேனல் எத்தனை, ஒன்று எத்தனை வாட் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று கணக்கிடுவதால், மொத்த வரி 13.8-லிருந்து 8.9 சதவீதமாக இறங்கியது. பழைய 13.8-ஐயே போட்டிருக்கும் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் பேனல், அதற்குள் இருக்கும் சோலார் செல் இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்று கடையில் சொல்வது இதைத்தான். இறக்குமதி செல்லை இங்கே பேனலாக ஒட்டியது டிசிஆர் ஆகாது. அதன் விலை குறைவு என்பதால் மாற்றிப் போடும் ஆபத்து உண்டு. லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பூட்டிய பிறகு பின்பக்கம் எட்டாது. இணையதளத்தில் ஏற்றப்படும் எண்களும் உங்கள் மாடியில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பட்டியலில் பதிவு பெற்ற வெண்டரைத் தவிர வேறு யார் வேலை செய்தாலும் மானியம் கிடையாது. ஐந்து வருடப் பராமரிப்பு விலைக்குள் அடங்கியது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது தவறு. பதிவு பெற்றவர் என்பதே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இணையதளத்தின் பெரிய குறை இதுதான்: பட்டியல் நீளமாக இருக்கிறது, யார் வேலை நன்றாக இருக்கும் என்று அதை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்வது கடினம். வெண்டர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் போட்ட வீடு ஒன்றின் மாடிக்கு ஏறிப் பார்ப்பதே நம்பகமான வழி. போல்ட்டில் துரு இருக்கிறதா, கேபிள் வெயிலில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

இனி மாடி. மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் தொழில்நுட்ப விதி, பேனலைத் தாங்கும் சட்டம் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்கிறது. வர்தா, கஜா புயல்களைப் பார்த்த ஊர்களுக்கு இது வெறும் காகித எண் அல்ல. அது ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாக இருக்க வேண்டும். வெட்டிய முனையிலும் துளையிட்ட இடத்திலும் வெள்ளிப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். நம் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு இருக்கும். ஆங்கர் போல்ட் இந்த மேல்தளத்தில் மட்டும் பிடித்திருந்தால் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். கான்கிரீட் வரை துளைத்துவிட்டு ஓரத்தை அடைக்காமல் விட்டால் அடுத்த ஐப்பசி மழையில் கீழ் அறையில் ஒழுகும். மேல்தளத்தை அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டோடு சேரும்படி சிறு பீடம் கட்டி, சுற்றி நீர்க்காப்புப் பூசுவது நல்லது.

நிழலை எல்லோரும் தெற்கே மட்டும் பார்க்கிறார்கள். சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. வடக்குப் பக்கம் ஒட்டி நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் அந்த மாதங்களில் பேனல் மேல் நிழல் போடும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுக்கும்.

அதிகம் ஏமாற்றப்படுவது எர்த்திங்கில்தான். டிசி பக்கத்துக்கு (பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை) ஒன்று, ஏசி பக்கத்துக்கு (இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை) ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனித்தனிக் குழிகள் வேண்டும். ஒவ்வொன்றின் மின்தடையும் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். குழிகளுக்கு நடுவே குறைந்தது மண்ணில் இறக்கிய எர்த் கம்பியின் நீளம் அளவு இடைவெளி இருப்பது நல்லது. நடப்பது என்ன? மேலே மூன்று மூடிகள் இருக்கும், உள்ளே ஒரே கம்பியில் மூன்று வயரும் சுற்றியிருக்கும். மூடிகளைத் திறந்து பாருங்கள். எர்த் டெஸ்டர் கருவியில் உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் அளந்தால் எண் நன்றாகத்தான் வரும். வறண்ட நாளில் அளந்ததே நம்பத்தக்கது. இடிதாங்கியின் வயர் டிசி கேபிளோடு ஒரே குழாயில் இறங்கக் கூடாது.

வேலை முடிந்ததும் "சும்மா ஓட்டிப் பார்ப்போம்" என்று இன்வெர்ட்டரை ஆன் செய்துவிடுவது பரவலான பழக்கம். நெட் மீட்டர் மாட்டும் முன் அது விதிமீறல். பணமும் போகும்: பல பழைய மீட்டர்கள் வெளியே போகும் மின்சாரத்தையும் நீங்கள் பயன்படுத்தியதாகவே கூட்டிவிடும். பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, இருவழி மீட்டர் பொருத்தி, ஒப்புதல் ஏறும் வரை டிசி ஐசோலேட்டர் (பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃபில் இருக்கட்டும்.

மின்வெட்டின்போது சோலாரும் நின்றுவிடும் என்பதை விற்பவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. உங்கள் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்விடாமல், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்கான விதி அது. இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் துண்டித்துக்கொள்ள வேண்டும். அதை மாற்றி அமைத்துத் தருவதாகச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். வெட்டு நேரத்திலும் மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடலாம். பேட்டரிக்கு மானியம் இல்லை.

நண்பகலில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று "ஓவர் வோல்டேஜ்" என்று காட்டினால் உடனே இன்வெர்ட்டரைக் குறை சொல்ல வேண்டாம். வோல்டேஜ் 253-ஐத் தாண்டினால் அது நிற்கத்தான் வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை உள்ள ஏசி கேபிள் மெல்லியதாக இருந்தால் இப்படி ஆகும். கேபிளைத் தடிமனாக மாற்றச் சொல்லுங்கள். மீட்டரிலேயே அளவு கூடுதலாக இருந்தால், தேதி, நேரத்தோடு குறித்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்.

மானியம் தானாக வந்துவிடாது. சோலார் இயங்கத் தொடங்கிவிட்டது என்ற மின்வாரியத்தின் அறிக்கை இணையதளத்தில் ஏறிய பிறகு, நீங்களே உள்ளே போய் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையின் படமும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். திட்டம் சொல்லும் கெடு 30 நாள். பணம் உங்கள் கணக்குக்கு நேராக வரும். எனவே "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், வந்ததும் எங்களுக்கு மாற்றிவிடுங்கள்" என்று வெண்டர் சொன்னால், அந்த நிபந்தனையையும் ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையை மீட்டர் ஓடத் தொடங்கி, எர்த் அளவுத் தாளும் பேனல், இன்வெர்ட்டர் உத்தரவாத அட்டைகளும் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.