குனிகார்ன் ரீஸ்டார்ட்: சூப்பர்வைசரா, சிஸ்டம்டியா?

ஜாங்கோவில் (பைத்தான் வலைக் கட்டமைப்பு) எழுதிய தளத்தில் புதுக் கோட் ஏற்றியாகிவிட்டது. இனி அந்தக் கோடை ஓட்டும் சர்வரான குனிகார்னை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதைத் தொடங்கி, நிறுத்தி, கண்காணிப்பது சூப்பர்வைசர் என்ற கருவி அல்லது லினக்ஸின் சிஸ்டம்டி. அந்தச் சில நொடிகளில் தளத்துக்கு வருபவருக்கு, முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 502 (பின்னாலுள்ள ஆப்பை எட்ட முடியவில்லை என்ற பிழை) காட்டக் கூடாது, பாதியில் நிற்கும் வேலை எதுவும் அறுபடவும் கூடாது. இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரமல்ல.

சூப்பர்வைசரில் பலர் கைப்பழக்கமாக அடிப்பது ரீஸ்டார்ட் கட்டளை. அது முதலில் நிறுத்தும், அப்புறம்தான் தொடங்கும். ஆப் மறுபடி ஏறும்வரை போர்ட்டில் ஆளே இல்லை, 502தான். அதைவிட மோசமான சிக்கல் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. 'நிறுத்து' என்று சொல்லும் டெர்ம் சிக்னல் (SIGTERM) அனுப்பிய பிறகு சூப்பர்வைசர் இயல்பாக 10 நொடிதான் பொறுக்கும். குனிகார்னோ கையிலுள்ள ரிக்வெஸ்டை முடிக்க ஒர்க்கர்களுக்கு (ரிக்வெஸ்ட்களைக் கையாளும் துணைப் புரோசஸ்கள்) 30 நொடி தருகிறது. பெரிய ரிப்போர்ட் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கும் ஒர்க்கர் 10 நொடிக்குள் முடிக்காவிட்டால், அவர்களை மேய்க்கும் மாஸ்டர் புரோசஸைச் சூப்பர்வைசர் கில் செய்துவிடும். ஒர்க்கர் மட்டும் அனாதையாக, போர்ட்டைப் பிடித்தபடி வேலையைத் தொடரும். புதிதாக எழுந்த குனிகார்ன் 'கனெக்ஷன் இன் யூஸ்' என்று லாகில் புலம்பிச் சில நொடி மோதிப் பார்த்துவிட்டு வெளியேறும். சூப்பர்வைசர் கான்ஃபிக்கில் கில்அஸ்குரூப் (killasgroup, ஒர்க்கர்களையும் சேர்த்தே கில் செய்யும் அமைப்பு) போட்டிருந்தால் அனாதைகள் மிஞ்ச மாட்டார்கள், ஆனால் அந்த ரிப்போர்ட்டும் போய்விடும். அந்த 10 நொடியைத் தீர்மானிக்கும் ஸ்டாப்வெயிட்செக்ஸை (stopwaitsecs) 40 என்று உயர்த்துவதுதான் முறையான மருந்து. அப்போதும் 502 இடைவெளி அப்படியே இருக்கும்.

அதே சூப்பர்வைசரில் சிக்னல் கட்டளையால் ஹப் (HUP, 'மறுபடி ஏற்று' என்ற சிக்னல்) அனுப்புவது இரண்டாவது வழி. 3.2 பதிப்பிலிருந்து இது உண்டு. மாஸ்டர் சாகாது, போர்ட் மூடாது. புது ஒர்க்கர்கள் எழுவார்கள், பழையவர்கள் கைவேலையை முடித்துவிட்டுப் போவார்கள். அன்றாட வெளியீட்டுக்கு இது போதும். ஆனால் ப்ரீலோட் (ஒர்க்கர்கள் எழுமுன்பே ஆப்பை ஏற்றிவிடும் குனிகார்ன் அமைப்பு) போட்டிருந்தால் ஆப் மாஸ்டரிலேயே ஏறிக் கிடப்பதால் ஹப் அடித்தும் பழைய கோடே ஓடும். இன்னொன்றும் உண்டு. என்ஜின்எக்ஸுக்குத் தவறான கான்ஃபிக்கோடு ஹப் அடித்தால் அது பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். குனிகார்னிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்காதீர்கள். இம்போர்ட் பிழையால் புது ஒர்க்கர் எழ முடியாமல் போனால் மாஸ்டரே கடையைச் சாத்திவிடும். ஹப்புக்கு முன் அதே சூழலில் மேனேஜ்.பிஒய் செக் (ஜாங்கோவின் பிழைச் சோதனை) ஓட்டிவிடுவது நல்லது.

ஆம், சூப்பர்வைசரில் ரீலோட் என்று அடித்துவிடாதீர்கள். சிஸ்டம்டியில் ரீலோட் மென்மையானது. சூப்பர்வைசரிலோ அது சூப்பர்வைசரின் மையப் புரோசஸான சூப்பர்வைசர்டியையே மறுபடி தொடங்கி, அதன் கீழுள்ள எல்லா புரோகிராமையும் இறக்கி ஏற்றும்.

யூஎஸ்ஆர்2 சிக்னல் மூன்றாவது. பழைய மாஸ்டர் புது மாஸ்டரைப் பெறும், பிறகு பழையதை டெர்ம் அனுப்பி நாமே விலக்க வேண்டும். சூப்பர்வைசருக்குத் தெரிந்தது பழைய பிஐடி (புரோசஸ் எண்) மட்டுமே. அது போனதும் புரோகிராம் செத்துவிட்டதாக நினைத்து இன்னொன்றைக் கிளப்பும். இரண்டும் போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். சூப்பர்வைசரின் கீழ் இதைத் தொடவே வேண்டாம்.

நான் தேர்ந்தெடுப்பது நான்காவதை: சிஸ்டம்டியில் போர்ட்டுக்கு ஒரு சாக்கெட் யூனிட் (அமைப்புக் கோப்பு), குனிகார்னுக்கு ஒரு சர்வீஸ் யூனிட். போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது சிஸ்டம்டி. குனிகார்ன் அதை இரவல் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்போது வரும் கனெக்ஷன்கள் கர்னலின் வரிசையில் நிற்கும். பயனருக்குப் பக்கம் சற்றுத் தாமதமாக வரும், 502 வராது. முழு ரீஸ்டார்ட் என்பதால் ப்ரீலோட், பைத்தான் பதிப்பு மாற்றம் எதுவும் தடையில்லை. நிறுத்தக் காத்திருக்கும் நேரமும் இயல்பாக 90 நொடி, குனிகார்னின் 30ஐ விடத் தாராளம். ஆனால் குனிகார்ன் ஆவணத்தில் உள்ள மாதிரி யூனிட்டில் அந்த நேரத்தைத் தீர்மானிக்கும் டைம்அவுட்ஸ்டாப்செக் (TimeoutStopSec) 5 என்றிருக்கிறது. அதை அப்படியே ஒட்டினால் நீண்ட ரிக்வெஸ்ட்கள் அங்கேயும் அறுபடும்.

ஆப் எழவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் இந்த வழியும் கைகொடுக்காது. என்ஜின்எக்ஸின் 60 நொடிப் பொறுமை தீர்ந்து 504 (நேரம் கடந்துவிட்டது என்ற பிழை) வரும். டாக்கர் கன்டெய்னருக்குள் பெரும்பாலும் சிஸ்டம்டி கிடையாது. அங்கே சூப்பர்வைசரை வைத்திருந்தால் ஹப் அடியுங்கள், ப்ரீலோடை எடுத்துவிடுங்கள், ஸ்டாப்வெயிட்செக்ஸை உயர்த்தி வையுங்கள்.