பெயர் மாறியபின் கம்பெனி வண்டிகளுக்கு ஒட்டிய ஸ்டிக்கர்: நாலு வருஷ வெயிலுக்குப் பிறகு

காங்கேயத்தில் எங்கள் குடும்பத்தின் தேங்காய் எண்ணெய் கம்பெனி இருக்கிறது. பிராண்டின் பெயரையும் லோகோவையும் மாற்றியபோது டின், பாக்கெட், கடை போர்டு எல்லாம் சீக்கிரமே மாறிவிட்டன. வண்டிகள்தான் இழுத்தடித்தன. குட்டி யானை, பொலீரோ பிக்கப், ஐச்சர் கண்டெய்னர் என்று கலவையாக வைத்திருக்கிறோம். ஒட்டி நாலு வருஷம் தாண்டிவிட்டதால் எது நின்றது, எது போனது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

ஸ்டிக்கர் கடையில் எல்லோரும் புதுசு ஒட்டுவதற்குத்தான் விலை கேட்கிறோம். உண்மையில் பாதி வேலை பழசை உரிப்பதில் இருக்கிறது. வெயிலில் காய்ந்து போன பழைய ஸ்டிக்கர் ஹீட் கன் காட்டினாலும் முழுசாக வராது. நகத்தளவு துண்டுகளாகப் பிய்ந்து, பசையைப் பெயிண்டிலேயே விட்டுவிட்டு வரும். பிளேடால் சுரண்டினால் பெயிண்டில் கோடு விழும். எங்களுக்கு உரித்தவர் மிதமாகச் சூடு காட்டி, ஓரத்தைத் தூக்கி, சாய்வாக மெதுவாக இழுத்தார். மிச்சப் பசையை ரிமூவர் ஊற்றித் துணியால் துடைத்தார். உரிக்கும் கூலியைத் தனியாகப் பேசி, அவசரப்படுத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

அப்புறம்தான் பெரிய சிக்கல். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பெயிண்ட் புதுசாக இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பழைய பெயரை அப்படியே வாசிக்கலாம்! ரப்பிங் காம்பவுண்ட் போட்டு பாலிஷ் செய்தால் குறையும், முழுசாகப் போகாது. அதனால் பழைய எழுத்து இருந்த இடத்தை அளந்து, புது லோகோவின் பச்சைப் பட்டை அதன் மேல் விழுகிற மாதிரி கோரல்டிராவில் டிசைனை நகர்த்தச் சொன்னோம். வண்டியைப் பார்க்காமல் டிசைன் முடிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனி ஸ்டிக்கர் ரகம். மலிவானது காலண்டர்டு வினைல். பிவிசியைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தகடாக்குவதால், வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் வினைலைத் திரவமாக ஊற்றி, அடுப்பில் காயவைத்து எடுக்கிறார்கள். சுமார் 50 மைக்ரான்தான் கனம், ஆனால் இழுவை இல்லாததால் சுருங்காது. வளைவிலும் ரிவெட் தலையிலும் படிந்து உட்காரும். குட்டி யானைகளுக்குக் காலண்டர்டும், ஐச்சருக்கும் பொலீரோவுக்கும் காஸ்ட்டும் போட்டோம். இரண்டாவது கோடை முடிந்தபோதே குட்டி யானையில் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. எழுத்து சுருங்கி, வெளியே தெரிந்த பசையில் ரோட்டுத் தூசி ஒட்டிய கோடு அது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. ஐச்சரில் இன்றுவரை அப்படி ஒரு கோடு இல்லை. விலை இரண்டு மடங்குக்கு மேல் வந்தாலும் காஸ்ட்தான் என் தேர்வு, மேலே லேமினேஷனோடு.

நிறம் பற்றி ஒன்று. பிரிண்ட் எடுத்து ஒட்டிய தேங்காய்ப் படத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்தன, அதுவும் ஷெட்டில் மேற்கு வெயில் படுகிற பக்கத்தில். நிறமே ஊறிய வினைலை வெட்டி ஒட்டிய கட்டிங் எழுத்துகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. படத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கினால் செலவும் குறையும், தூரத்திலிருந்தும் தெரியும்.

எங்களுக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பிக்கும் நேரத்தோடு சேர்த்துச் செய்தது கைகொடுத்தது. டிங்கரிங், பெயிண்டிங் எப்படியும் நடக்கும். ஆனால் புதுப் பெயிண்ட் மேல் மறுநாளே ஒட்டக்கூடாது. உள்ளே இருக்கும் சால்வென்ட் வெளியேற ஒரு வாரமாவது விட வேண்டும், இல்லையென்றால் அடியில் குமிழ் கிளம்பும். ஒட்டுவதும் காலையில், நிழலில். உச்சி வெயிலில் சூடேறிய தகட்டில் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்தி ஒட்ட முடியாது.

பிராண்ட் மாறினாலும் ஆர்.சி.யில் இருக்கும் நிறுவனப் பெயர் எங்களுக்கு மாறவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 84ஆவது பிரிவுப்படி, பெர்மிட் உள்ள வண்டியின் இரு பக்கமும் நடத்துபவரின் பெயர், முகவரி எடுப்பாகத் தெரிய வேண்டும். 3000 கிலோவுக்கு மேல் மொத்த எடை இல்லாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, ஐச்சருக்கு வேண்டும். அதனால் அதில் பழைய நிறுவனப் பெயருக்கு இடம் விட்டுத்தான் புது லோகோவை வைத்தோம். ரிஃப்ளெக்டர் டேப் மேல் எதையும் ஒட்டவிடாதீர்கள். வண்டியின் நிறமே மாறுகிற அளவுக்கு ராப் செய்வதென்றால், அதாவது வண்டி முழுக்க ஸ்டிக்கரால் மூடுவதென்றால், ஆர்.டி.ஓ.விடம் போய் ஆர்.சி.யில் நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

பராமரிப்பில் எங்கள் தொழிலுக்கே உரிய தொல்லை எண்ணெய். டின் கசிந்து பின்கதவின் கீழ் ஓரத்தில் வழிந்தால் ஸ்டிக்கர் அடியில் ஊறி ஓரத்தைத் தூக்கிவிடும். இப்போது கதவின் கீழ் விளிம்புக்கு நாலு விரல் மேலேயே ஸ்டிக்கரை நிறுத்திவிடுகிறோம். வாட்டர் சர்வீஸில் துப்பாக்கியை ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

பொலீரோவின் பானெட்டில் இருந்த லோகோ மட்டும் காஸ்ட்டாக இருந்தும் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. படுக்கையாக இருக்கும் தகட்டில் வெயில் நேராக இறங்குகிறது, பக்கவாட்டுக்குக் கிடைக்கும் ஆயுளில் பாதிகூட அங்கே கிடைக்காது. அதை இந்த மழைக்கு முன் உரித்துவிட்டு, பானெட்டைக் காலியாகவே விடப்போகிறோம். பக்கங்களில் உள்ளதையும் விரிசல் விடும்வரை வைத்திருக்காமல், முழுத் தாளாக உரிந்து வரும் நிலையிலேயே மாற்றிவிடுவதாகத் திட்டம்.