வாயைத் திறக்கச் சொன்னார்கள், மூடச் சொல்லவில்லை: கிளிப் போடப்போகும் பெற்றோருக்கு

என் மகளுக்குப் பதினொன்றரை வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டோம். இப்போது அவளுக்கு 14 வயது. செலவு 48,000 ரூபாய். அந்தப் பணத்தை எப்படியாவது திரும்பச் சம்பாதித்துக்கொள்வேன். அவளுடைய தாடை வளர்கிற காலம் கையைவிட்டுப் போய்விட்டதே, அதற்கு என்ன செய்வது?

அவளுக்கு எத்துப்பல். அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். என் மாமியார் வழியில் பாதிப் பேருக்கு இதே முகவெட்டு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் கேலி தொடங்கிய பிறகு, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவமனைக்குப் போனோம். டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "பதினைந்தே மாதம் மேடம், முத்துப் போல வரிசையாக்கிவிடலாம்." அன்றைக்கே முன்பணம் கட்டினால் 5,000 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல் அச்சு எடுக்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னவர்கள், பல்லைக் கடித்துக் காட்டு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை, சரிசெய்ய வந்த பிள்ளையின் கடியையே பார்க்காமல் கம்பி கட்டிவிட்டார்கள். அது அன்றைக்கே என் புத்தியில் உறைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மாற்றுவார்கள். ஊதா வேண்டுமா, பச்சை வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த உபசாரத்தில் மட்டும் குறையே இல்லை. இந்த மாதம் பார்த்த மருத்துவர் அடுத்த மாதம் இருக்கமாட்டார். "சாப்பிடும்போது கீழ்ப்பல் அண்ணத்தில் குத்துகிறதம்மா" என்று மகள் சொன்னாள். கேட்டதற்கு, "கிளிப் புதிதல்லவா, பழகிவிடும்" என்றார்கள். அப்போது கிளிப் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

பதினாறாவது மாதம் கழற்றினார்கள். பல் வரிசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கப் போடவேண்டிய ரிட்டெய்னரைத் தரவில்லை. அப்படி ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. ஐந்தே மாதத்தில் முன்பல்லில் இடைவெளி விழுந்தது. கொய்யாக்காயைக் கொடுத்தால் முன்பல்லால் கடிக்க முடியாமல் கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

பிறகுதான், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த ஒருவரிடம் போனோம். அவர் முதலில் சொன்னது, "பல்லைக் கடித்துக் காட்டம்மா." ஒரு சிறிய எஃகு அளவுகோலை வைத்து மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் அளந்தார். 9 மில்லிமீட்டர். 2, 3 இருந்தால் சரி. அண்ணத்தைக் காட்டினார், கீழ்ப்பல் குத்திய இடத்தில் சிவப்பாக இரண்டு பள்ளம். அடுத்து, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டச் சொல்லி, என்னைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அந்தக் கணத்தில் அவள் முகம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பல் முன்னால் வரவில்லை, கீழ்த்தாடைதான் பின்தங்கி இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் அதையே சொன்னது.

எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1899 இலேயே கடிக் கோளாறுகளை மூன்றாக வகுத்துவிட்டார். என் மகளுடையது இரண்டாம் வகை, கீழ்வரிசை பின்தங்கி நிற்பது. கிளிப் பல்லை மட்டும்தான் நகர்த்தும். பல் நகரும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு ஊறும். இப்படி மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். தாடையை அது வளர்க்காது. நெருக்கியடித்து நின்ற பல்லை இடம் உண்டாக்காமல் வரிசைப்படுத்தினால், வரிசையே இன்னும் முன்னால் தள்ளும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

பதினொன்றரை வயதில் செய்திருக்க வேண்டியது வேறு. ட்வின் பிளாக் என்று மேலும் கீழுமாக இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். வாயை மூடும்போது கீழ்த்தாடையை அவை முன்னால் நிறுத்திவைக்கும். வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் போட்டால்தான் நல்ல பலன். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயது சீக்கிரமே வந்து போய்விடுகிறது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. உடனே கம்பி கட்டுவதற்காக அல்ல, பார்த்துவைப்பதற்காக.

பல் மருத்துவ அடிப்படைப் படிப்பான பி.டி.எஸ். மட்டும் படித்தவர் கிளிப்பே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் திட்டமிடுகிறார், கடைசிவரை யார் பார்ப்பார் என்று கேளுங்கள், எம்.டி.எஸ். என்றால் எந்தப் பிரிவில் என்றும் கேளுங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் பல் அச்சும் இல்லாமல் விலை சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். செலவுதான் தயக்கம் என்றால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி. மேலே இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கி முன்வரிசையைப் பின்னால் இழுப்பது, அல்லது வளர்ச்சி முழுவதும் நின்ற பிறகு தாடையில் அறுவைச் சிகிச்சை. இன்னும் முடிவு செய்யவில்லை. புது மருத்துவர் பழைய ஆவணங்களைக் கேட்டார் என்று அந்த மருத்துவமனைக்குப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் இழுப்பறையில் வெகுநேரம் தேடி ஒரு அட்டையைக் கொடுத்தாள். மகளின் பெயர், கட்டிய தவணைகள், ஒவ்வொரு மாதமும் போட்ட ரப்பரின் நிறம். அவ்வளவுதான் அதில் இருந்தது.