டீட்டன் மலையில் ஒரு நாள் நடை: முழுச் சுற்றா, போய்த் திரும்புவதா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் மலைக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். கோடையில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. சீட்டு கிடைக்காதவர்களுக்கும், என்னைப் போலக் கூடாரத்தைச் சுமக்க மனமில்லாதவர்களுக்கும் ஒரே நாளில் மலையின் உள்பக்கம் வரை போய்வர இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது, ஜென்னி ஏரியைப் படகில் கடந்து, காஸ்கேட் பள்ளத்தாக்கு வழியாக சாலிட்யூட் ஏரிக்குப் போய் அதே பாதையில் திரும்புவது. இரண்டாவது, ஸ்டிரிங் ஏரியில் தொடங்கி, பெயின்ட்பிரஷ் பள்ளத்தாக்கில் ஏறி, பெயின்ட்பிரஷ் டிவைட் என்ற கணவாயைத் தாண்டி அதே சாலிட்யூட் ஏரியில் இறங்கி, காஸ்கேட் வழியாக வெளியே வரும் முழுச் சுற்று. ஆகஸ்டில் நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலிட்யூட் போய்வர, போகும்போதும் வரும்போதும் படகில் ஏரியைக் கடந்தால், நடை சுமார் 15 மைல். ஏற்றம் 2,300 அடி அளவு. முழுச் சுற்று 20 மைலுக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் 4,000 அடிக்கு மேல். சாலிட்யூட் ஏரி 9,035 அடி உயரத்தில் இருக்கிறது, டிவைட் சுமார் 10,700 அடியில். தாழ்நிலத்திலிருந்து நேராக வந்து மறுநாளே ஏறினால் அந்தக் கடைசி ஆயிரம் அடியில் மூச்சு வாங்கும். இரண்டு இரவாவது பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ஜாக்சனில் தங்கிவிட்டு ஏறுவது நல்லது. கரடி ஸ்பிரே, மழைச் சட்டை, ஓடைத் தண்ணீருக்கு வடிகட்டி எல்லாம் இரண்டுக்கும் பொது.

சாலிட்யூட் வழியைக் குறைத்துச் சொல்ல முடியாது. படகுத்துறையிலிருந்து கொஞ்ச நேரத்தில் ஹிடன் அருவி, அதற்கு மேல் இன்ஸ்பிரேஷன் பாயின்ட். அதுவரை கூட்டம் நெரியும். அதைத் தாண்டினால் பனியாறு குடைந்த அகலமான பள்ளத்தாக்கு. பாதை பல மைல்களுக்கு மெதுவாகத்தான் ஏறுகிறது. வில்லோ புதர்களுக்குள் மூஸ் என்ற பெரிய மான் மேய்ந்துகொண்டிருக்கலாம். பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளையைப் பிடித்தால் ஏரி. ஒரே குறை, ஏறும்போது கிராண்ட் டீட்டன் சிகரம் முதுகுப் பக்கம் இருக்கிறது. திரும்பி நடக்கும்போதுதான் அது முன்னால் வந்து நிற்கும். படகு இன்னொரு கவலை. கோடை உச்சத்தில் மாலை 7 மணி வரைதான் ஓடும். அதைத் தவறவிட்டால் ஏரியைச் சுற்றி இரண்டு மைலுக்கு மேல் கூடுதல் நடை. அதனால் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கும்.

முழுச் சுற்றில் படகுக்கு வேலையில்லை. திரும்பும்போது அது இறக்கிவிடுவது ஜென்னி ஏரியின் கிழக்குக் கரையில், வண்டி நிற்பதோ ஸ்டிரிங் ஏரியில். (ஜென்னி என்பவர் ஷோஷோனி பழங்குடிப் பெண். வடக்கே இருக்கும் லீ ஏரி அவருடைய கணவர், வழிகாட்டியாக இருந்த ரிச்சர்ட் லீயின் பெயரில். இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஸ்டிரிங் ஏரி.)

சரி, தூரம், ஏற்றம், காட்சி எல்லாம் அவரவர் கால் பலத்தையும் ரசனையையும் பொறுத்தது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: இந்தப் பாதையில் ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்ல வேண்டிய இடம் எங்கே வருகிறது?

முழுச் சுற்றின் ஆபத்து மொத்தமும் டிவைட்டில் இருக்கிறது. அதன் பெயின்ட்பிரஷ் பக்கச் சரிவில் வெயில் அதிகம் விழாது. உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பனித்தளம் பல ஆண்டுகளில் ஜூலை இறுதி வரைக்கும் கிடக்கும். பனிக்கோடரியும் அதைப் பிடித்து நிற்கத் தெரிந்த கையும் இல்லாமல் அதில் கால் வைக்கக் கூடாது. சறுக்கினால் கீழே பாறைக் குவியல். சாலிட்யூட் பக்கச் சரிவு இதற்கு நேர்மாறு. வெயில் நன்றாகப் படும், பனி முன்னதாகவே உருகிவிடும், வளைந்து வளைந்து போகும் நல்ல பாதை.

இப்போது எந்தத் திசையில் சுற்றுவது என்று பாருங்கள். காஸ்கேட் வழியாகத் தொடங்கினால் டிவைட்டைத் தொடும்போது 11 மைலுக்கு மேல் நடந்திருப்பீர்கள். மேலே வரும் வரை காய்ந்த மண்பாதை. உச்சியில் நின்று எட்டிப் பார்த்தால்தான் அந்தப் பக்கத்துப் பனி தெரியும், அதுவும் இறங்க வேண்டிய பனி. நேரம் மதியத்தைத் தாண்டியிருக்கும். திரும்புவதென்றால் மறுபடி அதே 11 மைல். அந்த நிலையில் ‘எப்படியாவது இறங்கிவிடலாம்’ என்றுதான் மனசு சொல்லும். ஒருவரை அப்படிப்பட்ட முடிவுக்குத் தள்ளுகிற திட்டத்தை நல்ல திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெயின்ட்பிரஷ் பக்கம் தொடங்கினால் நிலைமையே வேறு. சுமார் ஆறு மைலில் ஹோலி ஏரி. விடிவதற்கு முன் கிளம்பினால் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு அங்கே இருக்கலாம். அங்கிருந்து டிவைட் இரண்டு மைலுக்கும் குறைவு. பனி எவ்வளவு கிடக்கிறது என்பது ஏற ஏறக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மோசமாக இருந்தால் திரும்பிவிடலாம். நடந்ததும் வீணில்லை, ஒரு அழகான ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். பனி கொஞ்சம்தான் என்றால், கால் தெம்பாக இருக்கும்போதே அதை ஏறிக் கடக்கிறீர்கள். பனியில் இறங்குவதைவிட ஏறுவது எப்போதும் எளிது.

இடி மின்னலுக்கும் இதே கணக்குதான். டீட்டனில் ஜூலை, ஆகஸ்டில் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் மேகம் கட்டி இடிக்கும். டிவைட்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கியவர் பதினொன்றரைக்குள் அதைத் தாண்டி இறங்க ஆரம்பித்துவிடலாம். அதன் பிறகு நாள் முழுக்க இறக்கம்தான். முதல் இரண்டரை மைலுக்கு கிராண்ட் டீட்டன், மவுன்ட் ஓவன், டீவினாட் ஆகிய மூன்று சிகரங்களும் கண்ணெதிரே. போய்த் திரும்புகிறவர்கள் சாலிட்யூட்டிலிருந்து பார்க்கும் காட்சிதான், ஆனால் இன்னும் ஆயிரத்து எழுநூறு அடி உயரத்திலிருந்து. அதற்காகவே முழுச் சுற்றை நடக்கலாம் என்பேன்.

சாலிட்யூட் வழியில் இந்தப் பிரச்சினையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த இடத்திலும் திரும்பலாம், எங்கே திரும்பினாலும் வந்த பாதைதான், செங்குத்துப் பனி எதுவும் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களும், ஒரே நாளில் இருபது மைல் நடந்து பழக்கமில்லாதவர்களும் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

முழுச் சுற்றில் கடைசி ஏழெட்டு மைல் கொஞ்சம் அலுப்புதான், ஒளிக்க மாட்டேன். காஸ்கேட்டின் இறக்கம் மெதுவானது, ஆனால் முடிவில்லாதது போல நீளும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஊன்றுகோல் இரண்டு அவசியம். இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டுக்கு முன்னால் பிரியும் குதிரைப் பாதையைப் பிடித்தால் கூட்டத்தில் மாட்டாமல் நேராக ஸ்டிரிங் ஏரி பக்கம் இறங்கலாம்.

ஜூலை முதல் பாதியில் பனிக்கோடரியோடு இதை நடந்த அனுபவம் எனக்கு இல்லை. செப்டம்பரையும் நான் பார்த்ததில்லை. கூட்டம் குறையும் என்பது நிச்சயம், ஆனால் பகல் சுருங்கிவிடும், புதுப் பனியும் விழலாம். அதனால் மேலே சொன்ன நேரக் கணக்கை ஆகஸ்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நிறுத்த இடம் இரண்டு பக்கமும் காலையிலேயே நிரம்பிவிடும். முழுச் சுற்றுக்காரர்கள் இருட்டில் வருவதால் அவர்களுக்குக் கவலையில்லை. எதை முடிவு செய்தாலும், முந்தின நாள் ஜென்னி ஏரி ரேஞ்சர் நிலையத்தில் டிவைட்டில் பனி எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோடரி வேண்டும் என்று சொன்னால், அது கையில் இல்லையென்றால், மறுநாள் முதல் படகில் ஏறிவிடுங்கள்.